செத்த கேபிளும் நான்கு பூச்சியமும்

கொஞ்சம் நீளமான பதிவு. கராஜ் வைத்திருப்பவர்கள், பழைய கார் வைத்திருப்பவர்கள், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிற பிள்ளைகள் பொறுமையாக வாசியுங்கள். மற்றவர்களுக்கும் இதில் ஒரு விசயம் இருக்கிறது.

"நாங்கள்" என்று எழுதுவது காக்காவையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கம் காக்கா ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறார். தகரக் கொட்டில், ஒரு ஜாக், இரண்டு பெட்டி சாவி. பள்ளிக்கூடம் விட்டு வந்து அஸர் தொழுதபிறகு அங்கே போய் இருப்பது வழக்கம். கோப்பாயில் பயிலுநர் ஆசிரியராக இருந்த காலத்தில் ஈயம் பிடிக்கப் பழகிய கை, சும்மா இருக்காது. "டீச்சருக்கு என்ன கராஜில் வேலை" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். உம்மாவே கேட்பார். ஆனால் வயர் பார்க்க காக்காவின் கண்ணுக்கு இப்போது கண்ணாடி வேண்டும், எங்களுக்கு இன்னும் வேண்டாம் என்றதும் உம்மா பேசாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிடுவார்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒருவர் தன் சின்ன ஜப்பான் காரைக் கொண்டுவந்து விட்டார். ஹயர் ஓடுகிறவர். லீசிங் இன்னும் முடியவில்லை. என்ஜின் லைட் எரிந்தபடி இருக்கிறது, பெற்றோல் முன்பைவிடக் கூடக் குடிக்கிறது. வேறொரு இடத்தில் காட்டியபோது, காரின் கணினியையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தொகையைச் சொல்லும்போது மனிசனின் குரல் இறங்கிப்போனது. "அப்படியென்றால் காரை விற்கத்தான் வேணும் காக்கா" என்றார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களையே தட்டியும் ஒட்டியும் ஓட்டினோம். இன்றைக்கு ஒருவர் காரை விற்றால், அதே விலைக்கு இன்னொன்று வாங்கலாம் என்று நினைக்கவே முடியாது. அவருக்குக் கார் போனால் தொழில் போச்சு.

காக்காவிடம் ஸ்கானர் இல்லை. இதுவரை காதால் கேட்டு, மூக்கால் மணந்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்து வேலை செய்தவர். பழைய என்ஜினுக்கு அது போதும். இந்தக் காருக்குப் போதாது. முந்தி ஒருதடவை இப்படித்தான் குத்துமதிப்பாக ஒரு சென்சரை மாற்றி, லைட் அணையாமல், வாடிக்கையாளர் முகம் சுளித்துக்கொண்டு போனார். அதிலிருந்து காக்காவுக்கு இப்படியான கார் வந்தாலே ஒரு பயம்.

அப்போதுதான் ஐயாவின் ஞாபகம் வந்தது.

ஐயா வாப்பாவுக்குத் தொழில் பழக்கியவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், கண் மங்கல், காது நல்லது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது வாப்பா சாவிப் பெட்டியை அப்படியே கராஜில் விட்டுவிட்டுத்தான் போனார். இதை எழுதுகிறவர் அப்போது உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளை. புத்தளத்தில் அகதி முகாமில் நடக்கப் பழகி, அங்கேயே படித்து வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தோம். வந்தபோது ஐயா அந்தச் சாவிப் பெட்டியைத் திருப்பித் தந்தார். இரண்டு சாவி குறைந்திருந்தது. "ஷெல்லடியில் போயிட்டுது, குறை நினையாதே" என்று வாப்பாவிடம் சொன்னார்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. ஐயா போன்ற மெக்கானிக்மார் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டது. நாங்கள் அதைக் கண்ணால் காணவில்லை, ஐயா சொல்லிக் கேட்டதுதான். அந்த நாளில் ஐயாவுக்கு வந்த பழக்கம் ஒன்று: எதையும் எறிய மாட்டார்.

"ஐயா, உங்களிட்ட கம்பியூட்டரில் கார் பார்க்கிற வயர் ஒன்று இருந்ததெல்லே?"

"இருக்கு பிள்ளை. ஆனா அது செத்துப்போச்சு. பஞ்சிகாவத்தையில ஒரு பொடியன் வாங்கித் தந்தவன். ஒரு வருசம் நல்லா வேலை செஞ்சது. பிறகு கம்பியூட்டர் அதை ஆரெண்டே தெரியாது எண்டுட்டுது."

பிஸ்கட் டின்னுக்குள் இருந்து எடுத்துத் தந்தார். ஒரு முனையில் காரில் செருகும் 16 துளைப் பிளக், மறுமுனையில் யூ.எஸ்.பி.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படுகிற இடத்தில், பெரும்பாலான கார்களில் ஒரு சொக்கெட் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓ.பி.டி 2. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கினார்கள். பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 16ஆவது துளையில் பற்றரி மின்சாரம் எப்போதும் இருக்கும். 4உம் 5உம் ஏர்த். 6உம் 14உம் கேன் பஸ் என்ற புதிய பேச்சு வழி. 7 கே லைன் என்ற பழைய பேச்சு வழி. கேபிளின் வேலை மொழிபெயர்ப்பு. கார் பேசுவதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்கும்.

கேபிளின் நான்கு திருகாணியைக் கழற்றினோம். உள்ளே இரண்டு பெரிய சிப். ஒன்று ஈ.எல்.எம் 327, காரோடு பேசுவது. மற்றது எஃப்.டி 232 ஆர்.எல், கணினியோடு பேசுவது. இந்த இரண்டாவதுதான் இந்தக் கதையின் ஆள்.

முதல் நாள் எங்கள் லப்டொப்பில் செருகினால் ஒன்றுமே வரவில்லை. கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று வாங்கிய பழைய லப்டொப், லினக்ஸ் போட்டது. மல்டிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து யூ.எஸ்.பியின் நான்கு வயரையும் முனைக்கு முனை பார்த்தோம். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றும் "கீ" என்றன. பச்சை பேசவில்லை. கேபிள் பிளக்குக்குள் நுழைகிற இடத்தில், மடிந்து மடிந்து, தோல் நன்றாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெட்டி, உரித்து, ஈயம் பிடித்து, சுருங்கும் குழாய் போட்டு மூடினோம். காக்கா டோர்ச் பிடித்தார்.

திரும்பச் செருகினோம். இந்தமுறை கணினி பதில் சொன்னது. யூ.எஸ்.பியில் செருகுகிற ஒவ்வொரு பொருளும் முதலில் இரண்டு இலக்கங்களைச் சொல்லும். ஒன்று எந்தக் கம்பனி, மற்றது எந்தப் பொருள். அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் கணினி எந்த மென்பொருளைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும். இந்தச் சிப் வழக்கமாகச் சொல்ல வேண்டியது 0403, 6001. எங்கள் கேபிள் சொன்னது 0403, 0000.

நான்கு பூச்சியம். "கம்பியூட்டர் ஆரெண்டே தெரியாது எண்டுட்டுது" என்று ஐயா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. இந்தச் சிப்பைச் செய்வது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் எஃப்.டி.டி.ஐ என்ற நிறுவனம். சிப் நன்றாக விற்றதால் போலிகள் சந்தையை நிறைத்தன. 2014இல் ரஷ்யாவில் சிலர் அசலையும் போலியையும் மூடியைக் கரைத்து நுணுக்குக்காட்டியில் படம் எடுத்தார்கள். வெளியில் ஒரே பெயர், உள்ளே வேறு அமைப்பு. போலியின் உள்ளே "சூப்பரியல்" என்று பொறித்திருந்தது. பொய்க்கு வைத்த பெயரைப் பாருங்கள்!

அதே வருடம் ஒக்டோபரளவில், வின்டோஸின் தானியங்கி மேம்படுத்தல் வழியாக அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர் மென்பொருள் கணினிகளுக்கு வந்தது. அது போலிச் சிப்பின் பொருள் இலக்கத்தைப் பூச்சியமாக எழுதியது. எப்படி அசலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இரண்டு சிப்பும் தங்கள் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும் முறை கொஞ்சம் வேறு. அசல் சிப் இரண்டு இடங்களைச் சோடியாகத்தான் எழுதும், ஒற்றை இலக்க இடத்துக்கும் கட்டளை வந்தால்தான் பதியும். போலி, வந்ததை வந்தபடி எழுதிவிடும். ஒரே கட்டளை, அசலில் காற்றாய்ப் போனது, போலியில் பதிந்தது. உலகம் முழுக்க வாங்கியவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த மாதமே அந்த மேம்படுத்தல் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸ் ஆட்கள் வேறு வழி எடுத்தார்கள்: பூச்சியம் சொல்லிக்கொண்டு வருகிற சிப்பையும் ஏற்றுக்கொள் என்று தங்கள் கேர்னலில் ஒரு வரி சேர்த்தார்கள். எங்கள் பழைய லப்டொப் அந்தக் கேபிளோடு பேசியது அந்த ஒரு வரியால்.

சிப் சாகவில்லை. கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, வேலை தெரியும். பெயர் கேட்கிற இடத்தில் மட்டும் பூச்சியம்.

உண்மையைச் சொல்கிறோம், அந்த இரவு காக்காவும் நாங்களும் கொஞ்ச நேரம் பேசவில்லை. யாழ்ப்பாணம் திரும்பி வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் வாப்பாவிடம், "உங்கள் பதிவு புத்தளத்தில்தானே இருக்கிறது" என்று கேட்டார்கள். வீட்டுச் சுவர் இருக்கிறது, கிணறு இருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஐயா பக்கத்தில் நிற்கிறார். தாளில் மட்டும் இல்லை. வாப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். அது ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஞாபகத்தை அப்படியே கேபிளில் ஒட்டிவிட முடியாது. வாப்பாவின் பெயர் வாப்பாவுடையது, ஊர் வாப்பாவுடையது. இந்தச் சிப் சொல்லுகிற 0403 என்ற இலக்கம் வேறொரு கம்பனியுடையது. அதை இது களவாகப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியென்றால் 6001 என்று திருப்பி எழுதுவது பறித்ததைக் கொடுப்பதா, களவுக்குத் துணை போவதா?

காக்காதான் கேட்டார். கராஜ் வைத்திருந்தாலும் காக்கா இந்த விசயங்களில் கண்டிப்பு. கள்ளப் பில்டரை அசல் பெட்டிக்குள் போட்டு விற்கச் சொன்ன ஒருவரைக் கொட்டிலுக்குள் விடாமல் அனுப்பியவர்.

நிறையக் கதைத்தோம். போலி செய்தவன் ஏமாற்றினான், அதில் சந்தேகமில்லை. அசல் கம்பனிக்குக் கோபம் வருவதும் நியாயம். ஆனால் தண்டனை போலி செய்தவனுக்குப் போகவில்லை, அசல் என்று நம்பிக் காசு கொடுத்த ஐயாவைப் போன்றவர்களுக்குப் போனது. கடைக்காரன்கூட அறிந்திருக்க மாட்டான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். இந்தக் கேபிளை விற்க மாட்டோம். அசல் என்று யாருக்கும் சொல்ல மாட்டோம். உறையில் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, "போலிச் சிப், திருத்தியது, இன்டர்நெட்டோடு பாவிக்க வேண்டாம்" என்று எழுதிவைப்போம். காக்காவின் உழைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கணக்கான ஸ்கானர் ஒன்று வாங்குவோம். அதுவரை இருப்பதைக் கொண்டு, பொய் சொல்லாமல், வேலை செய்வோம். இது சரியா என்று உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தால் சொல்லுங்கள், கோபிக்க மாட்டோம்.

திருத்திய முறை இதுதான். எங்கள் லப்டொப்பில் பூச்சியத்தோடும் வேலை செய்தது. ஆனால் காக்காவின் கார் மென்பொருள் கராஜில் இருக்கும் வின்டோஸ் 7 கணினியில். அது 6001 என்றால்தான் கதவு திறக்கும். லினக்ஸில் இந்தச் சிப்பின் நினைவகத்தை வாசிக்கவும் எழுதவும் ஒரு சின்ன இலவசக் கருவி இருக்கிறது. முதலில் உள்ளே இருந்ததை முழுதாக வாசித்து ஒரு கோப்பாகச் சேமித்தோம். பிள்ளைகளே, இதை மறவாதீர்கள், எதையும் மாற்ற முன் பிரதி. பிறகு பழைய இலக்கம் 0000, புதிய இலக்கம் 6001 என்று கட்டளை கொடுத்தோம். ஒரு நொடிகூட ஆகவில்லை. கழற்றிச் செருகினோம். 0403, 6001.

கராஜ் கணினியில் இருப்பது 2014க்கு முந்திய பழைய டிரைவர். அதற்கு இன்டர்நெட் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம்.

அடுத்தநாள் காரில் செருகி, முதல் கட்டளை அனுப்பினோம். "ஈ.எல்.எம் 327, பதிப்பு 1.5" என்று பதில் வந்தது. எங்களுக்குச் சிரிப்பு. கனடாவின் எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ்தான் இந்த ஈ.எல்.எம்மை உண்டாக்கியது, 2022இல் கடையை மூடிவிட்டது. அவர்கள் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. முதல் பதிப்புக்குப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாமல் விட்டார்கள். அதை எடுத்து ஆளாளுக்குப் போலி செய்து, தாங்களே இலக்கமும் வைத்துக்கொண்டார்கள். ஆக எங்கள் கேபிளில் இரண்டு சிப்பும் போலி. ஆனாலும் கார் பேசியது.

பி 0135. முன் ஒக்சிசன் சென்சரின் சூடாக்கும் சுற்றில் கோளாறு.

இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கோட் வந்ததும் "சென்சரை மாற்று" என்று ஓடுவார்கள். கோட் அப்படிச் சொல்லவில்லை. சுற்றில் கோளாறு என்றுதான் சொல்கிறது. சுற்று என்றால் ஃபியூஸ், வயர், பிளக், சென்சர் எல்லாம் சேர்ந்ததுதான். பரீட்சையில் 35 எடுத்த பிள்ளையை மொக்கு என்று முடிவு கட்டுவது போலத்தான் இதுவும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

சென்சரின் சூடாக்கியை மல்டிமீற்றரால் அளந்தோம். சில ஓம் காட்டியது, அறுந்திருக்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. என்ஜின் ஓடும்போது பிளக்கில் 12 வோல்ட் வர வேண்டும், வரவில்லை. காக்கா வயர் கட்டைத் தடவிக்கொண்டே போனார். புகைக்குழாய்ப் பக்கம் ஒரு பிடிப்பு உடைந்து, வயர் சரிந்து, குழாயில் பட்டு உருகிப் போயிருந்தது.

ஒரு சாண் வயர், கொஞ்சம் ஈயம், சூடு தாங்கும் உறை, ஒரு பிடிப்பு. அவ்வளவுதான். கோட்டை அழித்தோம். லைட் அணைந்தது. அவரை ஓட்டிப் பார்த்து நான்கு நாள் கழித்து வரச் சொன்னோம். வந்தார். லைட் வரவில்லை, பெற்றோல் செலவும் பழையபடி என்றார். காக்கா வயருக்கும் கூலிக்கும் மட்டும் எடுத்தார். கார் இப்போதும் ஒழுங்கையில் நிற்கிறது, காலையில் ஹயருக்குப் போகிறது.

கேபிளை ஐயாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனோம். ஸ்டிக்கரை வாசித்துக் காட்டினோம். தான் வாங்கியது போலி என்று கேட்டு அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது. "அப்ப அந்தப் பொடியன் என்னை ஏமாத்திப்போட்டானோ?"

"அவனுக்கும் தெரிஞ்சிருக்காது ஐயா."

கொஞ்ச நேரம் கேபிளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு காக்காவின் கையில் வைத்தார். "உன்னட்டயே இருக்கட்டும் தம்பி. உன்ர வாப்பான்ர சாவிப் பெட்டியில வை. ரெண்டு சாவி குறையுதெல்லே."

இப்போது அது அங்கேதான் இருக்கிறது.

கடைசியாகச் சில வார்த்தை. உங்கள் கேபிள் ஒருநாள் வேலை செய்யாமல் போனால் எறிந்துவிடாதீர்கள். வயரை முனைக்கு முனை பாருங்கள். வயர் நல்லதென்றால் லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் செருகி அது என்ன இலக்கம் சொல்கிறது என்று பாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள், அசலின் விலைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு அசல் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். விற்கிறவர்கள், உங்களிடம் இருப்பது எது என்று வாங்குகிறவருக்குச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள். ஏழைக்குப் போலி தேவைப்படலாம், பொய் தேவையில்லை.

எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் யாருக்காவது இதைக் கண்ணால் பார்க்க விருப்பமென்றால், வீட்டில் கேட்டுக்கொண்டு சனிக்கிழமை பின்நேரம் கராஜுக்கு வரலாம். பொம்பிளைப் பிள்ளைகளும் வரலாம். உம்மா தேத்தண்ணி ஊற்றித் தருவார்.